போர்டு போச்சுன்னா எது போச்சு? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் மைக்ரோகன்ட்ரோலர் பத்தி கேளுங்கன்னு சொல்லியிருந்தோம். காலேஜ் பசங்க கேப்பாங்கன்னு பாத்தா, வீட்டுல இருந்தும் தோட்டத்துல இருந்தும் பூக்கடையில இருந்தும்தான் நிறைய வந்திருக்கு, சந்தோசம். இடத்துக்குத் தக்கபடி சிலதை மட்டும் எடுத்திருக்கோம்.

கேள்வி: வாஷிங் மெஷின் தண்ணி எடுக்காம நின்னுருச்சு. பாக்க வந்தவரு பின்னாடி கவரைக் கழட்டிப் பாத்துட்டு "போர்டு போச்சுக்கா, மாத்தணும்"னு நாலாயிரத்துச் சொச்சம் கேக்குறாரு. அந்தப் போர்டுல அப்பிடி என்னதான் இருக்கு, கம்ப்யூட்டரா?
– குடும்பத்தலைவி, வில்லாபுரம்

கம்ப்யூட்டர்னு சொன்னா பாதி சரிங்கக்கா. அந்தப் போர்டுல நகத்து அளவுல கறுப்பா ஒரு சிப்பு இருக்கும், ஓரத்துல பொடிப்பொடியா காலு வச்சு. அதுக்குப் பேருதான் மைக்ரோகன்ட்ரோலர். கணக்குப் போடுற ப்ராசசர், ப்ரோக்ராமை எழுதி வைக்கிற ப்ளாஷ் மெமரி, வேலை நடக்கறப்ப எண்களை வச்சுக்கிற ராம், நேரம் எண்ணுற டைமர், வெளிய இருந்து வர்ற வோல்டேஜை எண்ணா மாத்துற ஏடிசி, எல்லாமே அந்த ஒரே சிப்புக்குள்ள. கரண்ட் வந்ததும் தன்னோட ப்ரோக்ராமை மொத வரியில இருந்து ஓட்ட ஆரம்பிக்கும், கரண்ட் போற வரைக்கும் அதே சுத்து சுத்திக்கிட்டே இருக்கும், அதுக்கு வேற சோலி கெடையாது.

நீங்க ஸ்டார்ட்டை அமுக்குனா என்ன நடக்குதுன்னு பாருங்க. மூடி மூடியிருக்கான்னு ஒரு ஸ்விட்சைப் பாக்கும், அப்புறம் ட்ரையாக்னு ஒரு பார்ட்டு வழியா தண்ணி வால்வுக்கு கரண்ட் விடும், டப்புக்கு அடியில இருந்து மேல வர்ற சின்ன ஹோஸ்ல காத்து அழுத்தத்தை அளந்து தண்ணி எவ்வளவு ஏறியிருக்குன்னு தெரிஞ்சுக்கும். கம்பெனிக்காரன் எழுதி வச்ச நேரத்துக்குள்ள தண்ணி ஏறலைன்னா நிறுத்திட்டு எரர் கோட் காட்டும். அம்புட்டுத்தான். அப்ப உங்க மெஷின் தண்ணி எடுக்காம நின்னதுல சிப்பு தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்குன்னு கூட இருக்கலாம், தண்ணி வரல, நிறுத்திருச்சு.

அதனால போர்டுக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு விசயம் பாக்கச் சொல்லுங்க. பைப்பு மெஷின்ல சேர்ற எடத்துல சின்ன சல்லடை ஒண்ணு இருக்கும், நம்ம ஊரு போர் தண்ணி உப்புக்கு அது வெள்ளையா பாறையாட்டம் அடைச்சுக்கிரும், அதை வெளிய இழுத்து வினிகர்ல ஊறப் போட்டுத் தேய்ச்சுட்டு மாட்டணும். அடுத்து வால்வு காயிலை ப்ளக்கைக் கழட்டிட்டு மீட்டர் வச்சுப் பாக்கணும், சில ஆயிரம் ஓம் காட்டுனா காயில் நல்லாருக்கு, ஓப்பன்னு, அதாவது உள்ள கம்பி அறுந்துருச்சுன்னு காட்டுனா வால்வுதான் போச்சு, அது போர்டு வெலையில ஒரு பங்குதான் வரும்.

நெசமாவே போர்டுதான்னு வச்சுக்குவோம். அப்பக்கூட சிப்பு போயிருக்கறது அபூர்வம். கரண்ட் ஏத்த எறக்கத்துல பவர் சப்ளை பகுதி போகும், கெப்பாசிட்டர் உப்பிக்கும், சிப்பு சொன்னா கரண்ட்டை ஒட்டி வெட்டுற ஸ்விட்சான ரிலே ஒட்டிக்கும், ட்ரையாக் ஷார்ட் ஆகும், கரப்பான் பூச்சி உள்ள போயி ரெண்டு தடத்தைச் சேத்து வச்சிரும். இதெல்லாம் அஞ்சு பத்துல இருந்து சில நூறு ரூபா வரைக்கும்தான், ஆனா தண்ணி படக்கூடாதுன்னு போர்டு மேல பூராம் ரெசின் ஊத்தி இறுக்கி வச்சிருக்கான், அதைச் சுரண்டி எடுத்துப் பாக்க ஆளு இல்ல. இன்னொண்ணு, சிப்பே போயிருந்தா வெறும் சிப்பைக் கடையில வாங்கிப் பத்த வைக்க முடியாது, உள்ள இருக்கற ப்ரோக்ராம் கம்பெனியோடது, வெளிய எடுக்க முடியாதபடி பூட்டி வச்சிருப்பான். அதனால வந்தவரு முழுப் போர்டு கேக்குறதுல அவரையும் ரொம்பக் குத்தம் சொல்ல முடியாது. பழைய போர்டை மட்டும் கையோட வாங்கி வச்சுக்கங்க, அது உங்க காசு.

கேள்வி: மைக்ரோப்ராசசருக்கும் மைக்ரோகன்ட்ரோலருக்கும் என்ன வித்தியாசம்? புக்கில இருக்கற டேபிள் மனப்பாடம் ஆயிருச்சு, ஆனா புரியல. இதை யாரு கண்டுபிடிச்சா?
– ப்ளஸ் ஒன் மாணவி, உசிலம்பட்டி

டேபிளை மூடி வைம்மா. ப்ராசசர் தனியா ஒண்ணும் பண்ணாது, அதுக்கு ராம் வெளிய வேணும், ப்ரோக்ராம் வைக்க டிஸ்க் வெளிய வேணும், ஸ்க்ரீன் கீபோர்டு எல்லாத்துக்கும் தனித்தனி சர்க்யூட் வேணும், ஆனா குடுத்துட்டா எதை வேணா ஓட்டும். கன்ட்ரோலர்ல எல்லாம் உள்ளயே இருக்கு, ஆனா கொஞ்சூண்டுதான். கத்துக்கறவங்க வாங்குற ஆர்டினோ ஊனோ ஆர்3 போர்டுல இருக்கற ஏடிமெகா328பி சிப்புல ப்ரோக்ராமுக்கு 32 கிலோபைட், ராம் வெறும் 2 கிலோபைட், வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். வாட்ஸ்அப்ல காலைல வர்ற குட்மார்னிங் ரோஜாப்பூ படம் ஒண்ணைக் கூட அதுக்குள்ள திணிக்க முடியாது. ஆனா ஒரு மோட்டாரை நேரத்துக்கு ஓட்டி நிறுத்த அதுவே தாராளம், போன் ஆன் ஆகுறதுக்கு நீ காத்துக்கிட்டு நிக்கிற மாதிரி இதுக்கு நிக்க வேண்டாம், சுவிட்சைப் போட்டதும் வேலையில இறங்கிரும்.

வரலாறு சுவாரசியமா இருக்கும். இன்டெல் 4004 ப்ராசசர் 1971ல வந்துச்சு. அதே 1971ல அமெரிக்காவுல டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியில கேரி பூன், மைக்கேல் காக்ரன்னு ரெண்டு இன்ஜினியருங்க கால்குலேட்டருக்காக எல்லாத்தையும் ஒரே சிப்புல போட்டுப் பாத்தாங்க, அந்த வழியில வந்த டிஎம்எஸ்1000, 1974ல வெளிக் கம்பெனிகளுக்கும் விக்க ஆரம்பிச்சாங்க. 4 பிட் சிப்புதான், அதாவது ஒரு தடவைக்கு நாலு 0, 1 இலக்கத்தைத்தான் கையாளும். இன்டெல் 1976ல 8048 கொண்டு வந்துச்சு, ஐபிஎம் பிசியோட கீபோர்டுக்குள்ள இருந்தது அதுதான், அதாவது கம்ப்யூட்டருக்கு எழுத்து தட்டுற பலகைக்கே தனியா ஒரு கன்ட்ரோலர். 1980ல 8051, அதை நீ காலேஜ் போனா கண்டிப்பாப் படிப்ப, நாப்பது வருசம் தாண்டியும் சிலபஸை விட்டு எறங்க மாட்டேங்குது. நார்வேயில ரெண்டு மாணவருங்க, ஆல்ஃப் எகில் போகன், வேகார்ட் வோலன், அவங்க யோசிச்சதுதான் ஏவிஆர் டிசைன், மேல சொன்ன ஏடிமெகா அந்தக் குடும்பம். 2005ல இத்தாலியில இவ்ரியாங்கற ஊர்ல டிசைன் படிக்கிற பிள்ளைங்களுக்காக ஆரம்பிச்சதுதான் ஆர்டினோ, எலக்ட்ரானிக்ஸ் தெரியாதவங்களும் தொடணும்னு பண்ணுனது. நம்ம நாட்டுலயும் சென்னை ஐஐடியில சக்தின்னும், மத்திய அரசோட சி-டாக் நிறுவனத்துல வேகான்னும் சொந்தமா ப்ராசசர் டிசைன் பண்ணியிருக்காங்க, ரெண்டுமே ரிஸ்க்-ஃபைவ்ங்கற திறந்த முறையில போட்டது.

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல கடை. எலக்ட்ரானிக் தராசுல ஒண்ணும் வைக்காமயே 10 கிராம், 20 கிராம்னு காட்டுது, திடீர்னு மைனஸ் காட்டுது. மல்லி விக்கிற வெலைக்கு 20 கிராம்ங்கறது சண்டைக்குப் போதும். சிப்புல எவனாவது வேலை காட்டியிருப்பானா?
– பூ வியாபாரி

காட்ட முடியும்ணே, முடியாதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்க தராசுல நடக்கறது அநேகமா அது இல்ல. தட்டுக்கு அடியில அலுமினியக் கட்டை ஒண்ணு இருக்கும், நடுவுல ஓட்டை போட்டு, அதுதான் லோட் செல். எடை வச்சா கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், மேல ஒட்டியிருக்கற நாலு மெல்லிசான கேஜ் அந்த வளைவை வோல்டேஜா மாத்தும். எம்புட்டு வோல்டேஜ்னு கேளுங்க. 5 வோல்ட் குடுத்தா முழு எடைக்கும் சேத்தே சுமாரா 10 மில்லிவோல்ட். 30 கிலோ தராசுன்னா 10 கிராமுக்கு 3 மைக்ரோவோல்ட் சொச்சம், அதாவது ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாப் பிரிச்சு அதுல மூணு பங்கு! இதைப் பெருசாக்கி எண்ணா மாத்த எச்எக்ஸ்711 மாதிரி 24 பிட் ஏடிசி தனியாப் போட்டிருப்பாங்க, அந்த எண்ணை வாங்கி கிராமா மாத்தி டிஸ்ப்ளேல போடுறதுதான் கன்ட்ரோலர் வேலை.

இவ்வளவு நுணுக்கமா அளக்கற எடத்துல, தலைக்கு மேல ஃபேன் ஓடுனா காத்து தட்டை அமுக்கும். பூவுல தெளிச்ச தண்ணி ஓரமா எறங்கி தட்டுக்கு அடியில தேங்கும், நாரும் இதழும் தட்டுக்கும் பாடிக்கும் நடுவுல சிக்கும். விடியக்காலம் குளுருல ஜீரோ பண்ணி வச்சது பத்து மணி வெயிலுக்கு நகந்துரும். பேட்டரி எறங்குனாலும் ஆடும். தராசுல ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழி இருக்கும் பாருங்க, அது நடு வட்டத்துல நிக்கிற மாதிரி காலைத் திருகி வச்சு, தட்டைத் தூக்கித் தொடச்சுட்டு, ஒண்ணும் வைக்காம ஜீரோவை அமுக்கிட்டு அப்புறம் நிறுங்க. முத்திரை போட்ட ஒரு கிலோ படிக்கல்லு பக்கத்துலயே இருக்கட்டும், கஸ்டமர் சந்தேகப்பட்டா அதை வச்சுக் காட்டிருங்க. கல்லைத் தட்டு நடுவுல வச்சாலும் மூலையில வச்சாலும் ஒரே எடை காட்டணும், மூலைக்கு மூலை மாறுச்சுன்னா லோட் செல் அடி வாங்கியிருக்கு, ஒருக்கா மூட்டையைத் தொப்புன்னு போட்டிருப்பாங்க.

ஏமாத்து வேலைக்குப் பயந்துதான் எலக்ட்ரானிக் தராசுக்கு வருசா வருசம் முத்திரை வாங்கணும்னு சட்டம். தராசைத் திருத்துற எடத்தை மூடி சீல் வச்சிருப்பாங்க. சீல் அறுந்த தராசுன்னா சிப்பு மேல சந்தேகப்படலாம், சீல் ஒழுங்கா இருந்தா ஃபேன் மேல சந்தேகப்படுங்க.

கேள்வி: சோழவந்தான் பக்கம் தோட்டம். கெணத்து மோட்டாரைப் போன்லயே ஓட்டி நிறுத்துற மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டலாம்னா, டிப்ளமா படிக்கிற மகன் "நானே ஆர்டினோல பண்ணித் தர்றேன்பா"ங்கறான். நம்பலாமா?
– விவசாயி

மகனை நம்பலாங்கய்யா. 415 வோல்ட்டை நம்பாதீங்க.

ஸ்டார்ட்டர் பெட்டியில பச்சை பட்டன், செகப்பு பட்டன் இருக்குல்ல, பச்சையை அமுக்குனா உள்ள காயிலுக்கு கரண்ட் போயி, மோட்டாருக்கு கரண்ட் விடுற பெரிய ஸ்விட்சு, கான்டாக்டர், டக்குன்னு ஒட்டிக்கும், கையை எடுத்தாலும் தன்னைத்தானே புடிச்சுக்கும், செகப்பு அந்த வழியை வெட்டி விடும். தம்பி பண்ண வேண்டியதெல்லாம் பச்சை பட்டனுக்குப் பக்கவாட்டுல ஒரு ரிலே, ஒரு செகண்ட் ஒட்டி விடுற மாதிரி. செகப்பு பட்டனுக்கு வரிசையில இன்னொரு ரிலே, ஒரு செகண்ட் வெட்டி விடுற மாதிரி. மோட்டார் கரண்ட் போர்டு பக்கமே வராது. ஏற்கனவே இருக்கற, கரண்ட் அதிகமா இழுத்தா நிறுத்துற ஓவர்லோடு, ஒரு பேஸ் போனா நிறுத்துற ப்ரிவென்டர், எதையும் கழட்டக்கூடாது, அதெல்லாம் அவன் ப்ரோக்ராமுக்கு அப்பன். பெட்டிக்குள்ள வயர் மாட்டுற வேலையை மட்டும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனை விட்டுப் பண்ணச் சொல்லுங்க.

தம்பிக்குத் தனியா நாலு வார்த்தை. ப்ரோக்ராம் நீ ஒரு ராத்திரியில எழுதிருவ, உயிரை வாங்கப் போறது பவர் சப்ளைதான். சிம் கார்டு போட்டு போன் வாங்குற சிம்800எல் மாடியூல் வாங்குனீன்னா டவரைப் புடிக்கிற நேரத்துல 2 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், 3.4ல இருந்து 4.4 வோல்ட்டுக்குள்ள இருக்கணும், ஆர்டினோவோட 5 வோல்ட் காலுல இருந்து குடுத்தா போன் வந்த உடனே ரீசெட் ஆகி உக்காரும், நீ கோடுல தப்பு தேடிக்கிட்டே இருப்ப. அது 2ஜி மாடியூல், ஜியோ சிம் அதுல வேலை செய்யாது, அதையும் பாத்துக்க. வாட்ச்டாக் டைமரைக் கண்டிப்பா ஆன் பண்ணு, ப்ரோக்ராம் எங்கயாவது மாட்டிக்கிட்டு உரிய நேரத்துக்குள்ள அதைத் தொடலைன்னா சிப்பு தானா ரீஸ்டார்ட் ஆகும், தோட்டத்துல ராத்திரி போயி ரீசெட் பட்டன் அமுக்க ஆளு கெடையாதுல்ல. த்ரீ பேஸ் வந்த உடனே மோட்டாரைப் போடாத, ஒரு நிமிசமாவது பொறுத்து வோல்டேஜ் நின்னதும் போடு. கெணத்துல தண்ணி வத்துனா மோட்டார் இழுக்கற ஆம்பியர் கொறையும், ஒரு பேஸ் வயரைச் சுத்தி கரண்ட் ட்ரான்ஸ்பார்மர் மாட்டி அதை அளந்தா காத்துல ஓடுறதைக் கண்டுபிடிச்சு நிறுத்திரலாம், கடை ஸ்டார்ட்டருக்கும் உன்னோடதுக்கும் இதுலதான் போட்டியே. கான்டாக்டர் காயில் விடும்போது வர்ற வோல்டேஜ் ஸ்பைக் போர்டைக் கொழப்பும், காயிலுக்குக் குறுக்க ஒரு ஸ்நப்பர் போடு, ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேந்து அந்த ஸ்பைக்கை அடக்குறது. பல்லி புகாத பெட்டி வாங்கு.

மொத ரெண்டு மூணு மாசம் அப்பா பக்கத்துல நின்னு பாக்கட்டும், அப்புறம் போன்ல ஓட்டட்டும்.

கேள்வி: ஐடிஐ முடிச்சிருக்கேன். மைக்ரோகன்ட்ரோலர் கத்துக்கணும். எந்தப் போர்டு வாங்குறது, 37 சென்சார் கிட்டு வாங்கலாமா, கோடிங் தெரியாது.
– வாசகர், திருமங்கலம்

கிட்டு வேண்டாம் தம்பி. முப்பத்தேழு சென்சாரும் டப்பாவுலயே தூங்கும், நாலைத்தான் தொடுவீங்க. ஒரு ஊனோ ஆர்3, பத்த வைக்காமயே பார்ட்டைக் குத்தி மாட்டுற ப்ரெட்போர்டு, எல்ஈடி கொஞ்சம், 220 ஓம் ரெசிஸ்டர், பத்து ரூபா பட்டன் ரெண்டு, திருகுனா வோல்டேஜ் கூடிக் கொறையுற குமிழ், அதாவது ஒரு பொட்டென்ஷியோமீட்டர், நல்லதா ஒரு மல்டிமீட்டர். மல்டிமீட்டர்ல மட்டும் காசு பாக்காதீங்க. குளோன் போர்டு வாங்குனா கம்ப்யூட்டர் போர்டைக் கண்டுக்காது சில நேரம், அதுல இருக்கற யுஎஸ்பி சிப்புக்கான சிஹெச்340 ட்ரைவரைக் கம்ப்யூட்டர்ல போட்டா சரியாயிரும்.

ஈஎஸ்பி32 ஏன் வேண்டாங்கறீங்கன்னு கேப்பீங்க. வைஃபை இருக்கு, வேகம் இருக்கு, வெலையும் கம்மி, எல்லாம் சரிதான், ரெண்டாவதா அதையே வாங்குங்க. ஆனா அது 3.3 வோல்ட், தெரியாம 5 வோல்ட்டைக் காலுல குடுத்தா போயிரும், ஊனோ கொஞ்சம் அடி தாங்கும், கத்துக்கறப்ப நெறைய தப்பாத்தான் மாட்டுவோம். ராஸ்பெரி பை பிக்கோ 2021ல வந்தது, பைத்தான் புடிக்கும்னா அதுவும் நல்ல போர்டு.

கோடிங்ல ரெண்டே பகுதி. செட்டப்னு ஒண்ணு, ஆரம்பத்துல ஒரே ஒரு தடவ ஓடும், இந்தக் காலு வெளிய கரண்ட் விடுறதுக்கு, அந்தக் காலு உள்ள கேக்குறதுக்குன்னு அதுல சொல்லணும். லூப்னு ஒண்ணு, அது நிக்காம சுத்தும். மொத வேலை எல்ஈடியை மினுக்குறது. 220 ஓம் ஏன்னு கணக்குப் போட்டுப் பாருங்க: 5 வோல்ட்ல செகப்பு எல்ஈடி 2 வோல்ட்டை எடுத்துக்கும், மீதி 3, அதை 220ஆல வகுத்தா சுமார் 14 மில்லிஆம்பியர். ஒரு காலுக்கு 20 வரைக்கும் நல்லது, 40 தாண்டுனா சிப்பு காலி. ரெசிஸ்டர் இல்லாம எல்ஈடியை மாட்டுனா எரியத்தான் செய்யும், யூட்யூப்ல அப்பிடி மாட்டிக் காட்டுற ஆளுங்களும் இருக்காங்க, அவங்க போர்டு அவங்க காசு.

அடுத்து பட்டன். ஒரு தடவ அமுக்குனா அஞ்சு தடவ எண்ணும் பாருங்க, அங்கதான் உண்மையான பாடம் ஆரம்பிக்குது. பட்டனுக்குள்ள தகடு மோதி சில மில்லிசெகண்ட் துள்ளும், நமக்குத் தெரியாது, ஒரு செகண்டுக்கு 160 லட்சம் துடிப்புல ஓடுற சிப்புக்கு ஒவ்வொரு துள்ளலும் தனித்தனியாத் தெரியும். மொத அமுக்கலுக்கு அப்புறம் ஒரு 20, 30 மில்லிசெகண்ட் கண்டுக்காம விடச் சொல்லி எழுதணும். அப்புறம் பொட்டென்ஷியோமீட்டரை அனலாக் காலுல மாட்டித் திருகுங்க, 0ல இருந்து 1023 வரைக்கும் எண்ணு ஓடும், ஒரு எண்ணுக்குக் கிட்டத்தட்ட 4.9 மில்லிவோல்ட். இந்த மூணும் புத்தியில ஏறிருச்சுன்னா, மார்க்கெட்ல இருக்கற சென்சார்ல பெரும்பாலானது ஒண்ணு பட்டனு, இல்ல பொட்டென்ஷியோமீட்டரு.

வேலை கெடைக்குமான்னு கேக்கல, இருந்தாலும் சொல்றேன், ப்ரோக்ராம் எழுதுற ஆளு நெறைய இருக்கான். ஸ்டார்ட்டர், யுபிஎஸ், சிஎன்சி போர்டுல மீட்டரை வச்சு எங்க வோல்டேஜ் வருது எங்க நிக்குதுன்னு தேடத் தெரிஞ்சவன் கம்மி. ஐடிஐக்காரங்க அங்க முன்னாடி இருக்கீங்க.

கேள்வி: ரிமோட் ஃபேன் கரண்ட் கம்மியா இழுக்கும்ங்கறாங்களே, ரிமோட்டுக்கும் கரண்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகி, அவனியாபுரம்

ரிமோட்டுக்குச் சம்பந்தம் இல்லைங்க. அது பிஎல்டிசி, அதாவது ப்ரஷ் இல்லாத டிசி மோட்டார், சுத்துற பாகத்துல காந்தம் இருக்கு, எந்தச் சுருளுக்கு எப்ப கரண்ட் விடணும்னு உள்ள இருக்கற கன்ட்ரோலர் ஓயாம முடிவு பண்ணுது. பழைய ஃபேன் 75 வாட் பக்கம் இழுத்தா இது 30 வாட் பக்கம். பழைய ரெகுலேட்டரோட சேத்து மாட்டாதீங்க, அதுல போர்டு கெட்டுப் போகும். டிவி ரிமோட்டுக்குள்ளயும் ஒரு சிப்பு உண்டு, பட்டன் அமுக்குனாத்தான் முழிக்கும், மத்த நேரம் தூக்கம், அதனாலதான் ரெண்டு செல்லு மாசக்கணக்குல வருது. ரிமோட் முன்னாடி இருக்கற பல்பை போன்ல செல்ஃபி கேமராவுல பாத்துக்கிட்டே பட்டனை அமுக்குங்க, கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஊதாவா மினுக்கும். மினுக்குச்சுன்னா ரிமோட் நல்லாருக்கு, கோளாறு டிவியில.

கேள்வி: மாடித் தொட்டி நெறஞ்சா மோட்டார் தானா நிக்க, ரெண்டு கம்பியைத் தண்ணிக்குள்ள விட்டு ஆர்டினோல மாட்டுனேன். நல்லா ஓடுச்சு, இப்ப ஒரு கம்பி பூராம் பச்சை பூத்து அரிச்சுப் போச்சு.
– பாலிடெக்னிக் மாணவர், விளாங்குடி

உப்புத்தண்ணிக்குள்ள ரெண்டு செம்புக் கம்பி, நாள் பூராம் ஒரே பக்கமா டிசி. எலக்ட்ரோலிசிஸ் நடந்திருக்கு, ப்ளஸ் பக்கத்துக் கம்பி கரைஞ்சு தண்ணியில போயிருச்சு, அந்தத் தண்ணியைத்தான் வீட்டுல புழங்குறீங்க. செம்பை மொதல்ல வெளிய எடுங்க. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போட்டுக்கிட்டு, எப்பவும் 5 வோல்ட்ல தொங்க விடாம, பத்து செகண்டுக்கு ஒருக்கா காலை ஆன் பண்ணி அளந்துட்டு உடனே ஆஃப் பண்ணிருங்க, அடுத்த தடவ ப்ளஸ் மைனஸை மாத்தி விடுங்க, அரிப்பு ரொம்பக் கொறைஞ்சிரும்.

தண்ணியைத் தொடாம அளக்கணும்னா, காதுக்குக் கேக்காத சத்தத்தை விடுற அல்ட்ராசோனிக் சென்சார். சத்தம் போயித் திரும்பி வர்ற நேரம், ஒரு சென்டிமீட்டருக்கு 58 மைக்ரோசெகண்ட், வந்த எண்ணை 58ஆல வகுத்தா தூரம். ரெண்டு கண்ணு வச்ச எச்.சி-எஸ்ஆர்04 தொட்டிக்குள்ள வேண்டாம், ஆவி படிஞ்சு வீணாப் போகும், வயரோட ஒத்தக் கண்ணா வர்ற வாட்டர்ப்ரூப் மாடல் வாங்குங்க, ஆனா அது 20 சென்டிமீட்டருக்கும் கிட்ட இருக்கறதைச் சரியா அளக்காது, தண்ணி மட்டத்துக்கு மேல அந்த அளவு எடம் விட்டு மாட்டணும்.

எதுவா இருந்தாலும் கூடவே ஒரு மிதவை ஸ்விட்சைத் தொட்டியோட மேல்மட்டத்துல மாட்டி மோட்டார் ரிலேக்கு வரிசையில விட்டுருங்க. ப்ரோக்ராம் தூங்குனாலும் அது மோட்டாரை நிறுத்திரும். மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போறப்ப கடையில ஃப்ளோட் ஸ்விட்ச்னே கேளுங்க, எத்தனை ஆம்பியர் தாங்கும்னு அட்டையில பாத்துட்டு வாங்குங்க.